மெத்தனாலுக்குப் பதில் தண்ணீரில் ஹைட்ரஜனேற்றம்: பாதியில் நின்றுவிடுகிறது, ஃபில்டரும் முடியவில்லை

ஜிகனி_லேப்:

வணக்கம். பெங்களூரு ஜிகனியில் சிறிய பிராசஸ் லேப். எத்தில் 4-நைட்ரோபென்சோயேட்டை ஹைட்ரஜனால் ஒடுக்கி பென்சோகெயின் (மரத்துப்போகச் செய்யும் மருந்து) எடுக்கும் படியில் மெத்தனாலை நீக்கிவிட்டுத் தண்ணீருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். மெத்தனால் 10 வால்யூமில் (கிராமுக்கு 10 மில்லி) 35 டிகிரி, 3 பார் என்று வைத்தால் சிக்கல் இல்லாமல் முடிகிற வினை இது.

அதே நிலையில் சால்வென்ட்டை மட்டும் மாற்றிப் பார்த்தோம். நைட்ரோ எஸ்டர் 50 கிராம், தண்ணீர் 500 மில்லி, கேட்டலிஸ்ட்டாக 5% பல்லேடியம் கார்பன் (50% ஈரம்) 2 கிராம், 1 லிட்டர் ஆட்டோகிளேவ், 500 ஆர்பிஎம். முதல் அரை மணி நேரம் அழுத்தம் நன்றாக இறங்குகிறது, பிறகு மந்தம். ஆறு மணி நேரம் கழித்தும் எச்பிஎல்சியில் (கலவையில் எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கருவி) 60 சதவீதம்தான். கரைசல் ஆரஞ்சு மஞ்சளாகிவிடுகிறது. திறந்து பார்த்தால் கேட்டலிஸ்ட் முழுக்கப் பிசின் மாதிரி உருண்டு சுவரிலும் கலக்கித் தண்டிலும் ஒட்டியிருக்கிறது. டிரைட்டான் எக்ஸ்-100 (சோப்பு போன்ற சர்ஃபாக்டன்ட்) இரண்டு சதவீதம் போட்டபோது நுரை வென்ட் லைன் வரை ஏறிவிட்டது.

இன்னொன்று, பொருளும் தண்ணீரில் கரையாது, கேட்டலிஸ்ட்டும் கரையாது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது? கடைசியில் எத்தில் அசிட்டேட்டை அரை லிட்டர் ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால், தண்ணீருக்கு மாறியதில் என்ன பயன்?

கலக்கி:

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அதற்கு மற்றவர்கள் வருவார்கள். வினை ஏன் நிற்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

25 டிகிரியில் 1 பார் ஹைட்ரஜனுக்குக் கீழே ஒரு லிட்டர் தண்ணீரில் கரைவது சுமார் 0.78 மில்லிமோல். மெத்தனாலில் 4 மில்லிமோலுக்குப் பக்கம். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. சூடாக்கினாலும் 60 டிகிரி வரை தண்ணீரில் இந்த அளவு பெரிதாக மாறாது. உங்கள் 50 கிராம் என்பது 0.256 மோல். நைட்ரோ ஒன்றுக்கு ஹைட்ரஜன் மூன்று, ஆக 0.77 மோல் வேண்டும். நான் கீழே சொல்லப்போகும் 350 மில்லி தண்ணீரை 5 பாரில் வைத்தால் ஒரு நேரத்தில் கரைந்திருப்பது 1.4 மில்லிமோல். வினை முடிவதற்குள் அந்தத் தண்ணீர் 550 தடவை காலியாகி நிரம்பியாக வேண்டும். 500 ஆர்பிஎம்மில், அதுவும் மேற்பரப்பு மட்டும் அலையும் கலக்கியாக இருந்தால், அது நடக்காது. உள்ளே துளையிட்ட தண்டு வழியாக மேலிருக்கும் வாயுவை உறிஞ்சி அடியில் விடும் கலக்கி இருந்தால் அதைப் போடுங்கள். வேகத்தை 1000-1200க்கு ஏற்றுங்கள். சுவரில் தடுப்புத் தகடு இல்லாமல் வேகம் மட்டும் ஏற்றினால் நடுவில் சுழிதான் விழும்.

வாயு கரைவதுதான் தடையா, கேட்டலிஸ்ட்தான் போதவில்லையா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. கேட்டலிஸ்ட்டை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். ஹைட்ரஜன் இறங்கும் வேகம் மாறவே இல்லை என்றால் வாயுதான் தடை. அதன் பிறகு பல்லேடியத்துக்குக் காசு கொட்டுவது வீண்.

ஆனால் உங்களுக்குப் பாதியில் நின்றதற்கு இது மட்டும் காரணமில்லை. நைட்ரோ எஸ்டர் உருகுவது 57 டிகிரியில், பென்சோகெயின் 89-90இல். 35 டிகிரியில் தொடங்கும்போது எஸ்டர் திடத்தூள். பாதி ஒடுங்கியதும் இரண்டும் கலந்து உருகுநிலை இறங்கி, பிசுபிசுப்பான கலவையாகிறது. கார்பன் தண்ணீரை விரும்பாது, அந்தப் பிசினுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் பார்த்த உருண்டை அதுதான். உள்ளே மாட்டிய பல்லேடியத்துக்கு ஹைட்ரஜன் போய்ச் சேராது. பட்டினி கிடக்கும் அந்த இடத்தில், ஒடுக்கத்தின் பாதி வழியில் வரும் நைட்ரோசோவும் ஹைட்ராக்சிலமைனும் தேங்கி ஒன்றோடொன்று சேர்ந்து அசாக்சி, அசோ சேர்மங்களாகின்றன. ஆரஞ்சு நிறம் அதன் அடையாளம். இந்தப் பாதையை ஜெர்மன் வேதியியலாளர் ஹாபர் 1898இலேயே மின்வேதி ஒடுக்கத்தில் வரைந்து காட்டிவிட்டார். காரத்தன்மை இருந்தால் இன்னும் மோசமாகும். தண்ணீரின் பிஎச் 6-7ஐத் தாண்ட விடாதீர்கள். எஸ்டர் நீராற்பகுப்பாகாமல் இருக்கவும் அதுவே நல்லது.

நான் செய்யச் சொல்வது: டீஅயனைஸ்டு தண்ணீர் 350 மில்லி, எத்தனால் 35 மில்லி, எஸ்டர் 50 கிராம், அதே கேட்டலிஸ்ட் 2 கிராம். நைட்ரஜனில் 3 பார் ஏற்றி இறக்குவது மூன்று தடவை, பிறகு ஹைட்ரஜனில் மூன்று தடவை. கலக்கிக்கொண்டே 60 டிகிரிக்குக் கொண்டுபோய் எஸ்டரை எண்ணெய்த்துளியாக்கிய பிறகு 5 பார் ஹைட்ரஜன். எத்தனாலின் வேலை பிசின் கட்டாமல் பார்த்துக்கொள்வது. மெத்தனால் வேண்டாம். எத்தில் எஸ்டரை மெத்தனாலில் வைத்தால் மெத்தில் எஸ்டர் மாசு வரும் வாய்ப்பு எப்போதும் உண்டு. உங்கள் பழைய முறையிலும் அதைப் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் ஆட்டோகிளேவில் மேலே மிஞ்சும் இடம் 575 மில்லி அளவு. அந்த இடத்தில் 60-65 டிகிரியில் 1 பார் இறக்கம் என்றால் 0.02 மோல். மொத்தம் 37 பார் இறங்க வேண்டும். கையால் நிரப்பிக்கொண்டிருக்காமல் ரெகுலேட்டரை 5 பாரில் வைத்துத் தொடர்ந்து ஊட்டுங்கள். இடையில் சிலிண்டர் வால்வைச் சில நிமிடம் மூடி, இறங்கும் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோகிளேவ் இல்லாமல் ஹைட்ரஜன் பலூனில் முயல்பவர்களுக்கும் ஒன்று. பெங்களூரு 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, இங்கே காற்றழுத்தமே 0.91 பார்தான். 65 டிகிரியில் நீராவி அதில் 0.25 பாரை எடுத்துக்கொள்ளும். ஹைட்ரஜனுக்கு மிஞ்சுவது 0.66 பார். சென்னை லேபில் பலூனில் முடிந்தது இங்கே இழுக்கிறது என்றால் கேட்டலிஸ்ட்டைக் குறை சொல்வதற்கு முன் இதைக் கணக்கில் எடுங்கள்.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. நைட்ரோ ஒடுக்கத்தில் மோலுக்குச் சுமார் 550 கிலோஜூல், உங்கள் பேட்சுக்கு 140 கிலோஜூல். குளிர்விப்பு இல்லாவிட்டால் இந்தக் கலவை 85-90 டிகிரி மேலே போகும். அதே பேட்ச் 500 மில்லி மெத்தனாலில் 130 டிகிரி ஏறும். தண்ணீரின் உண்மையான லாபம் இங்கே இருக்கிறது. ஹைட்ரஜனை மூடினால் வினை நிற்கும் என்பதும் சரி. ஆனால் ஹைட்ராக்சிலமைன் தேங்கியிருந்தால் ஹைட்ரஜன் இல்லாமலேயே அது சிதைந்து வெப்பம் விடும். அதனால் அழுத்தம் இறங்குவது நின்றதும் "முடிந்தது" என்று சூட்டை ஏற்ற வேண்டாம். மாதிரி எடுத்து உடனே எச்பிஎல்சியில் ஏற்றுங்கள். காற்றில் வைத்தால் ஹைட்ராக்சிலமைன் நைட்ரோசோவாகி ஏமாற்றும்.

வடிதாள்:

கலக்கி அண்ணா சொன்னதோடு நுரையைப் பற்றி ஒரு வார்த்தை. டிரைட்டான் போட்டு அடிக்குழாய் வழியாக ஹைட்ரஜனைக் குமிழியாக விட்டால் நுரை எழத்தான் செய்யும். அது கேட்டலிஸ்ட்டையும் தூக்கிக்கொண்டு மூடியின் உட்புறம் ஒட்டவைக்கும். அங்கே காய்ந்த பல்லேடியம் கார்பன், திறக்கும்போது காற்றும் எத்தனால் ஆவியும் பட்டால் பற்றிக்கொள்ளும். சர்ஃபாக்டன்ட் இருந்தால் வாயுவை மேலிருந்து மட்டும் கொடுங்கள், பாத்திரத்தை 60 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள், அழுத்தத்தை மெதுவாக இறக்குங்கள். சோடா மூடியைத் திறந்த கதை ஆகிவிடக் கூடாது.

எந்த சர்ஃபாக்டன்ட் என்றால், டிரைட்டான் எக்ஸ்-100இல் புதிதாக முறை எழுதாதீர்கள். ஐரோப்பாவில் ரீச் என்ற வேதிப்பொருள் கட்டுப்பாட்டு விதிகளின் கீழ் 2021 ஜனவரி முதல் அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாத பட்டியலில் இருக்கிறது. அங்கே விற்கிற வாடிக்கையாளர் இருந்தால் கேள்வி வரும். வைட்டமின் ஈ, சக்சினிக் அமிலம், பாலிஎத்திலீன் கிளைக்கால் சேர்ந்த டிபிஜிஎஸ்-750-எம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் லிப்ஷுட்ஸ் குழு 2011இல் கொண்டுவந்தது. 2 சதவீதக் கரைசலில் நன்றாக வேலை செய்யும். உங்களுக்கு 350 மில்லியில் 7 கிராம். உருகி எண்ணெயாகக் கிடைக்கும் சேர்மத்துக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து. 100 டிகிரிக்கு மேல் உருகும், எத்தனாலிலும் சரியாகக் கரையாத நைட்ரோ சேர்மத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பிரிப்பது. பென்சோகெயின் ஓர் அமீன். அமிலம் சேர்த்தால் உப்பாகித் தண்ணீரில் கரையும், கேட்டலிஸ்ட் மட்டும் ஃபில்டரில் நிற்கும், பிறகு கார்பனேட்டால் நடுநிலையாக்கினால் பென்சோகெயின் வீழ்படிவாக வரும். கரிமக் கரைப்பான் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். ஆனால் இதன் இணை அமிலத்தின் பிகேஏ 2.5 அளவுதான், மிகவும் பலவீனமான காரம். அசிட்டிக், சிட்ரிக் எல்லாம் பயன்படாது. பிஎச் 1க்கு இறங்க வேண்டும். மீத்தேன்சல்ஃபோனிக் அமிலம் 1.1 சமானம் (ஒரு மோலுக்கு 1.1 மோல்), உங்களுக்கு 27 கிராம். அதை 300 மில்லி தண்ணீரில் கலந்து சேர்த்து 45 டிகிரியில் தெளியும் வரை கலக்குங்கள். தெளியாவிட்டால் தண்ணீர் கூட்டுங்கள். இதன் மெட்டா வடிவமான எத்தில் 3-அமினோபென்சோயேட்டின் மீசைலேட் உப்பைத்தான் மீன்களுக்கு மயக்க மருந்தாகத் தொட்டித் தண்ணீரில் கரைக்கிறார்கள், அவ்வளவு நன்றாகக் கரையும் வகை. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கரைக்கும். ஆனால் எஸ்எஸ் 316 ஆட்டோகிளேவுக்குள் அதை ஊற்றவே கூடாது, குளோரைடு குழி விழவைக்கும். காற்றும் குளோரைடும் அமிலமும் சேர்ந்தால் பல்லேடியமே கரைந்து பொருளோடு போகும். கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி, நைட்ரஜன் ஓட்டத்தில் செய்தால் மட்டும் சரி.

பீன்யா_பிளான்ட்:

வடிதாள் மேடம், மன்னிக்கவும், எத்தனால் இருக்கிற கலவையில் மீத்தேன்சல்ஃபோனிக் அமிலத்தை நான் சம்மதிக்க மாட்டேன். இரண்டும் சேர்ந்தால் எத்தில் மீசைலேட். மரபணுவைப் பாதிக்கும் மாசு. 2007இல் ஐரோப்பாவில் விராசெப்ட் மாத்திரைகளைத் திரும்பப் பெற்றதே இதனால்தான். இவ்வளவு தண்ணீரில் அது உண்டாவது மிகக் குறைவாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறைவு என்று நிரூபிக்க பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில் ஜிசி (வாயு குரோமடோகிராஃபி) முறை உருவாக்கி, ஒவ்வொரு பேட்சுக்கும் பார்த்தாக வேண்டும். சல்ஃபியூரிக் அமிலத்துக்குப் போனால், அனிலின் வகைகளின் சல்பேட் உப்புகள் பல நேரம் கரைய மறுக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் கழிவுநீர். அமிலம் போட்டு, சோடா போட்டு நடுநிலையாக்கினால் 42 கிராம் பொருளுக்கு முக்கால் லிட்டர் உப்புத்தண்ணீர் வெளியே வரும். அதை மல்டிபிள் எஃபெக்ட் எவாப்பரேட்டருக்குத்தான் அனுப்ப வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2257 கிலோஜூல், மெத்தனாலுக்கு அதில் பாதிதான். மெத்தனாலையாவது 65 டிகிரியில் வடித்து அடுத்த பேட்சுக்கு எடுத்துக்கொள்ளலாம். உப்புத்தண்ணீரை என்ன செய்வீர்கள்? ஷெல்டனின் ஈ-ஃபேக்டரில் (ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்ற அளவு) தண்ணீரைச் சேர்க்காமல் கணக்கிடும் வழக்கம் இருந்ததால் தாளில் இது பசுமையான முறையாகத் தெரியும், இஞ்சினியர் கண்ணுக்கு அப்படித் தெரியாது. ஜிகனி நண்பர் கேட்ட கடைசிக் கேள்விக்கு என் பதில்: வினை, பிரிப்பு, கழிவு மூன்றும் தண்ணீரில் அடங்கினால்தான் மாறுங்கள்.

அடங்கும் வழி ஒன்று இருக்கிறது. உப்பாக்காதீர்கள். வினை முடிந்ததும் ஹைட்ரஜனை வெளியேற்றி, நைட்ரஜன் மூன்று முறை, பிறகு கலக்கிக்கொண்டே 15 டிகிரிக்குக் குளிர்வியுங்கள். பென்சோகெயின் ஒரு கிராம் கரைய இரண்டரை லிட்டர் தண்ணீர் வேண்டும், 10 சதவீத எத்தனாலிலும் பெரிதாகக் கூடாது. பொருளும் கேட்டலிஸ்ட்டும் சேர்ந்தே நைட்ரஜன் கீழ் ஃபில்டராகட்டும். கீழே இறங்கும் நீர் உப்பில்லாத தண்ணீரும் எத்தனாலும் மட்டும். அதைத் தூக்கி அடுத்த பேட்சில் ஊற்றுங்கள். ஒவ்வொரு பேட்சிலும் வினையே சுமார் 9 கிராம் தண்ணீரை உண்டாக்கும் என்பதால் அளவை மட்டும் சரிசெய்துகொள்ள வேண்டும்.

மேலே நிற்கும் சாம்பல் நிறக் கேக்கைக் காய விடாமல், 55-60 டிகிரிக்குச் சூடாக்கிய எத்தனால் 130 மில்லியை நைட்ரஜன் கீழேயே ஊற்றிக் கரைத்து இறக்குங்கள். உங்கள் பழைய முறையின் 500 மில்லிக்கு இது கால்பங்கு. ஃபில்டர் ஜாக்கெட்டில் வெந்நீர் ஓட வேண்டும். அறைவெப்பத்தில் பென்சோகெயின் ஒரு கிராமுக்கு எத்தனால் 5 மில்லி வேண்டும், உங்களிடம் இருப்பது 3 மில்லிதான், ஃபில்டர் குளிர்ந்தால் துணியிலேயே படிகமாகி அடைத்துவிடும். இறங்கிய கரைசல் தெளிவாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். லேசான கறுப்பு தெரிந்தால் 0.45 மைக்ரானில் இன்னொரு தரம். பிறகு 45 டிகிரியில் 250 மில்லி தண்ணீரை ஒரு மணி நேரத்தில் துளித்துளியாகச் சேர்த்து, மேகமூட்டம் தெரிந்ததும் விதைப்படிகம் போட்டு மெல்லக் குளிர்வியுங்கள். சூடாக இருக்கும்போது தண்ணீரைக் கொட்டினால் எண்ணெயாகப் பிரிந்து கட்டியாகும். படிகத்தைப் பிரித்தபின் மிஞ்சும் இந்தத் தாய்நீரிலிருந்து எத்தனாலை வடித்தெடுக்கலாம். உப்பு இல்லாததால் வடிகலமும் அடைக்காது.

கேட்டலிஸ்ட் கேக்கை முடிந்ததும் தண்ணீரால் கழுவி, ஈரமாகவே மூடிய டப்பாவில் வையுங்கள். ஹைட்ரஜன் ஏறிய பல்லேடியம் கார்பன், மேலே எத்தனால் ஈரம், கீழே வாக்குவம் இழுக்கும் காற்று, இந்த மூன்றும் சேர்ந்தால் நெருப்புதான். தண்ணீரில் வினை நடந்ததால் பயமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 10 சதவீத எத்தனாலுக்கே தீப்பற்றும் புள்ளி 50 டிகிரிக்குப் பக்கம், நீங்கள் வினை நடத்துவது 60இல். ஹைட்ரஜனோ காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த விகிதத்திலும் பற்றும்.

வடிதாள்:

எத்தில் மீசைலேட் பற்றிச் சொன்னது சரி, எத்தனால் உள்ள இடத்தில் அந்த அமிலத்தை விட்டுவிடலாம். இந்தப் பொருளுக்கு உங்கள் வழிதான் நல்லது. உப்பாகவே விற்கப்படும் அமீனாக இருந்தால், அந்த உப்பின் அமிலத்தையே போட்டுக் கரைத்து ஃபில்டர் செய்யும் வழி பொருந்தும், நடுநிலையாக்கும் படியே இருக்காது.

முதல் ஃபில்டரில் இறங்கிய தாய்நீரை அடுத்த பேட்சில் ஊற்றும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். அசாக்சி, ஹைட்ராக்சிலமைன் உச்சங்கள் பேட்சுக்குப் பேட்ச் வளர்கிறதா என்று எச்பிஎல்சி. பிறகு கரைந்த பல்லேடியம். வாய்வழி மருந்துக்கு ஐசிஎச் கியூ3டி (மருந்துகளில் உலோக மாசுக்கான வழிகாட்டி) வரம்பு ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம். தினம் 10 கிராம் கொடுக்கிற மருந்து என்று கணக்கு வைத்தால் 10 பிபிஎம். ஹைட்ராக்சிலமைன் தேங்கினால் சிலர் அமோனியம் மெட்டாவனடேட் சிறிது சேர்ப்பார்கள், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வனேடியமும் அதே பட்டியலில் இருக்கிறது, 2ஏ வகுப்பு. ஒரு மாசைத் துரத்த இன்னொன்றை உள்ளே விடாமல், முதலில் கலக்கும் வேகத்தைச் சரிசெய்யுங்கள்.

போர்வெல் தண்ணீரைத் தொடாதீர்கள். குளோரைடு, சல்ஃபைடு, கால்சியம் எது எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. சல்ஃபர் கொஞ்சம் இருந்தாலே பல்லேடியம் செத்துவிடும்.

ஜிகனி_லேப்:

மூவருக்கும் நன்றி. 60 டிகிரி, 10 சதவீத எத்தனால், எத்தனாலில் கேக்கைக் கரைப்பது என்ற வரிசையில் இந்த வாரம் போடுகிறேன். கூடவே ஒரு சந்தேகம். எங்களுடைய இன்னொரு கட்டடத்தில் ஹைட்ரஜன் சிலிண்டர் வைக்க ஏற்பாடு இல்லை. அங்கே அமோனியம் ஃபார்மேட் போட்டு, அழுத்தம் இல்லாமல், தண்ணீரிலேயே செய்ய முடியுமா?

கலக்கி:

முடியும், ஆனால் ஹைட்ரஜன் இல்லாத முறை என்று நினைத்து இறங்காதீர்கள். பல்லேடியம் பட்டதும் ஃபார்மேட்டின் ஒரு பகுதி சிதைந்து ஹைட்ரஜனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியே வரும். கண்டன்சர் வாய் திறந்திருக்க வேண்டும், அதன் குழாய் ஃபியூம் ஹூடின் உள்ளே போக வேண்டும், பக்கத்தில் ஹாட் பிளேட் சுவிட்சோ வேறு பொறியோ கூடாது.

கணக்குப்படி 3 சமானம் போதும். வீணாவதைச் சேர்த்து 4 முதல் 5 வரை போடுவார்கள். மொத்தத்தையும் போட்டுச் சூடாக்கிய பிறகு கேட்டலிஸ்ட்டைக் கொட்டுவது பெரிய தவறு, ஒரே மூச்சில் பொங்கி வெளியே வரும். எஸ்டர், தண்ணீர், எத்தனால், கேட்டலிஸ்ட் எல்லாம் 60 டிகிரியில் கலங்கிக்கொண்டிருக்க, ஃபார்மேட்டைத் தண்ணீரில் கரைத்து இரண்டு மணி நேரத்தில் சொட்டுங்கள். சொட்டுவதை நிறுத்தினால் குமிழி அடங்க வேண்டும், அடங்கவில்லை என்றால் ஃபார்மேட் வினையாகாமல் உள்ளே சேர்ந்துவிட்டது என்று பொருள், காத்திருங்கள். கண்டன்சரில் வெள்ளை உப்பு படிந்து வாயை அடைக்கும், அமோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் குளிர்ந்த இடத்தில் சேர்வதால். அகலமான கண்டன்சர் போட்டு அடிக்கடி பாருங்கள். சோடியம் ஃபார்மேட் என்றால் இந்த அடைப்பு இல்லை, ஆனால் பைகார்பனேட் உண்டாகி பிஎச் ஏறும், எஸ்டருக்கு ஆகாது. ஃபார்மிக் அமிலம் கொஞ்சம் சேர்த்து 6க்கும் 7க்கும் நடுவில் பிடித்து வையுங்கள்.

சூட்டைக் கூட்டி நேரத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள், அமீனில் ஃபார்மைல் ஏறிய மாசு எச்பிஎல்சியில் தலைகாட்டும். பீன்யா நண்பர் சொன்ன உப்புக் கணக்கும் இங்கே திரும்ப வந்துவிடுகிறது. மிஞ்சும் ஃபார்மேட் தாய்நீரில் இருப்பதால் அதை அடுத்த பேட்சுக்குத் திருப்ப முடியாது. 10 கிராம் மாதிரி எடுக்க இது போதும். கிலோ கணக்கில் போனால் சிலிண்டர் இருக்கும் கட்டடத்திலேயே செய்யுங்கள்.